ஒன்று முதல் பத்து வரை மீதி இல்லை

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து வந்த போனைக் கேட்டு சம்பத் தன் கையால் எழுதிக் கொடுத்த சீட்டையே ஷோபா அவன் மேசைமேல் வைத்தாள். 5328280 என்று சிங்கப்பூர் நம்பர். அதன் கீழே, '1-10 மீதி இல்லை.'

"நாலு தபா அடிச்சிட்டேன். யாரோ ஒரு சீனக் கிழவி எடுக்கறா," என்றாள். "அவரு வேணும்னே தப்பு நம்பர் குடுத்துக்கீறாரு. எனக்குன்னு இனிமே மீதி ஒண்ணும் இல்லியாம். சொல்லியே அனுப்பிட்டாரு."

ஹரிபிரசாத் அவள் கணவன். புத்தூர் டுடோரியலில் கணக்கு வாத்தியாராக இருந்து, போன வருஷம், தொண்ணூற்றைந்தில், கப்பல் பட்டறை வேலைக்குப் போனவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதாகவும், வேண்டாமென்றால் அதற்குள் சொல்லும்படியும் கடிதம் எழுதியிருந்தான். ஷோபாவுக்குச் சாந்திபுரம் பள்ளியில் டீச்சர் வேலைக்கான உத்தரவு நேற்றுத்தான் வந்தது. இன்று வெள்ளிக்கிழமை.

சம்பத்தின் டெலிபோன் பூத் திருச்சானூர் கோயில் தெருவில் இருந்தது. நாகலாபுரத்துத் தமிழன், தெலுங்கு தண்ணீர்பட்ட பாடு. பக்தர்களுக்குத் தெலுங்கில் வழி சொல்லிக்கொண்டே, வரிசையில் நிற்பவர்களை ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டிருப்பான். தன் சீட்டால் ஒரு குடும்பம் உடைவதா என்று பதறி எழுந்தான். ஷேர் ஆட்டோவுக்காக வெளியே நின்ற தாட்சாயணியைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டி வந்தான். டெலிபோன் ஆபீசில் புகார் மேசை அவளுடையது. அவளால் முடியாதது இல்லை என்பது சம்பத்தின் கட்சி.

தாட்சாயணி சீட்டை நிதானமாகப் படித்தாள். ஹரி எந்தப் பாஷையில் பேசினான் என்று கேட்டாள்.

"தெலுங்குலதாங்க்கா. நான் 'ஹலோ, செப்பண்டி'ன்னு எடுத்தேன், அவரும் அப்படியே ஆரம்பிச்சிட்டாரு. லைன் கரகரன்னுது. 'ஒகட்டி நுஞ்சி பதி தாகா சேஷம் லேது'ன்னு ஷோபாகிட்ட சொல்லச் சொன்னாரு. அதையே தமிழ்ல எழுதிட்டேன். சிரிச்சிக்கினே சொன்னாரு."

"சிரிச்சாரா?" என்றாள் ஷோபா.

"கணக்கு வாத்தியார் சேஷம்னா, வகுத்தா நிக்கிற மீதிதான்," என்றாள் தாட்சாயணி. "ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எதால வகுத்தாலும் மீதி வராத நம்பர். அந்த சந்தோஷத்தைத்தான் உனக்குச் சொல்லி அனுப்பியிருக்காரு."

பிறகு பேனாவை எடுத்து இலக்கங்களைக் கூட்டினாள். இருபத்தெட்டு வந்தது. ஒன்பதால் வகுத்தால் ஒன்று மீதி நின்றது. எங்கோ ஓர் இலக்கத்தில் ஒன்று கூடியிருக்க வேண்டும் என்றாள்.

"இதுல ரெண்டு எட்டு இருக்கே, சம்பத். ரெண்டையும் ஒரே மாதிரியா சொன்னாரு?"

அவன் கண்ணை மூடி யோசித்தான். "இல்லக்கா. மொதல்ல எட்டுன்னாரு, பின்னால தெலுங்குல எனிமிதின்னாரு."

"முழுக்கத் தெலுங்குல சொல்றவரு நடுவுல ஒரே ஒரு எட்டைத் தமிழ்ல ஏன் சொல்லணும்?"

சம்பத் விரல் விட்டுத் தெலுங்கில் எண்ணிப் பார்த்தான். "ஏடு," என்றான் மெல்ல. தெலுங்கில் ஏழு.

"ஆமா. உனக்குப் பேச்சு தெலுங்கு, எண்றது மட்டும் தமிழ். கரகர லைன்ல ஏடு உன் காதுல எட்டா விழுந்துடுச்சி." கடைசி மூன்று இலக்கமான 280 எட்டால் வகுபடுகிறது, அதனால் அந்த எட்டில் தப்பில்லை என்றும் சொன்னாள்.

சீட்டின் பின்பக்கம் 5327280 என்று எழுதி, ஷோபாவிடம் பேனாவை நீட்டினாள். ஷோபா இரண்டால் வகுத்தாள், மூன்றால் வகுத்தாள். ஏழால் வகுத்ததை இன்னொரு தடவை சரிபார்த்தாள். பத்து வரை எதிலும் மீதி விழவில்லை. ஐம்பத்து மூன்று லட்சத்துச் சொச்சம் நம்பருக்குள் அவள் புருஷன் முழுசாக இருந்தான்.

சம்பத்தே டயல் செய்து ரிசீவரைக் கொடுத்தான். இரண்டாவது மணியில் ஹரி எடுத்தான். ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று அவன் கேட்பது வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

"நான்தான் மீதின்னு நெனச்சிக்கினு இருந்தேன்," என்றாள் ஷோபா, அழுதுகொண்டே. "கையெழுத்துப் போடாத. எனக்கு டீச்சர் வேலை வந்துடுச்சி. கெளம்பி வா."

சம்பத் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, வரிசையில் காத்திருந்தவர்களை எண்ண ஆரம்பித்தான். இந்தத் தடவை தெலுங்கில், ஒகட்டி, ரெண்டு, மூடு என்று.