கூறைச்சேலைத் தொட்டில்

"என்ற கூறைச்சேலை உனக்கு நாறுதா அம்மணி?"

விடிந்ததும் விடியாததுமாக ராசாத்தாளின் குரல் மதில் தாண்டி வந்துவிட்டது. பீளமேட்டில் எங்கள் வீதி மதில்கள் கொஞ்சம் குட்டை. காதுகள் அப்படியல்ல.

மருமகள் மோகனப்பிரியா தொட்டிலருகே நின்றிருந்தாள். உள்ளே கிடந்தது நாத்தனார் தாரணியின் ஆண் குழந்தை, இன்னும் பேர்கூட வைக்காத பிஞ்சு. தலைச்சன் பிள்ளைக்கு ராசாத்தாள் கல்யாணத்தில் கட்டிய கூறைச்சேலையில் தொட்டில் கட்டுவது அந்த வீட்டு வழக்கம். பீரோவின் அடித்தட்டில், பாச்சை உருண்டைகளோடு பத்திரமாகக் கிடந்த பட்டு.

"நாறுதுன்னு சொல்லலீங்க அத்தை... இவனுக்கு ரத்தத்துல ஒரு கொறை இருக்குதுன்னு ரிசல்ட் வந்துருச்சுங்க. பாச்சை உருண்டை சேந்துச்சுன்னா ரத்தம் ஒடஞ்சு மஞ்சளாயிருவானுங்க. உசுருக்கே ஆபத்து..."

"பச்சப்புள்ள குதிகால்ல குத்தோணும்னு அன்னைக்கு ஒத்தக்கால்ல நின்னே. இன்னைக்கு நோவும் கண்டுபுடிச்சுப்போட்டே! வவுறு குளுந்துச்சா?"

மோகனப்பிரியா டாக்டருக்குப் படித்தவள்தான். ஆனால் ஊசி போடமாட்டாள், மருந்து எழுதமாட்டாள். பிறந்த குழந்தைகளின் குதிகாலில் சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்களே, அதில் எந்தப் பக்கம் எந்தக் குறை அதிகம், எந்தக் குழந்தை சோதனைக்குத் தப்பியது, குறையுள்ள குழந்தை பிறகு என்ன ஆனது என்று மாவட்டம் முழுக்கக் கண்காணிக்கிற உத்தியோகம். நோய்ப்பரவலியல் நிபுணர் என்று பெயர். எங்கள் வாயில் அது நுழையவில்லை. 'ஊரான் புள்ளைக்கு நோவு தேடற வேலை' என்று சுருக்கிக்கொண்டோம். கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் அவளுக்கென்று ஒன்று இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டோம். அது மட்டும் எல்லார் வாயிலும் சுலபமாக நுழைந்தது.

"பெத்தவளுக்குத்தான் புள்ளை அருமை தெரியும். உனக்கென்ன தெரியும்?" என்றாள் ராசாத்தாள்.

மோகனப்பிரியா கணவனைப் பார்த்தாள். கிருபாசங்கர் செல்போனைப் பார்த்தார்.

"ஏனுங்க... நீங்களாவது சொல்லுங்க!"

"அம்மாவ அனுசரிச்சுப் போ, பிரியா." அவர் தாம்பத்தியத்தில் அதிகம் பேசிய வாக்கியம் அதுதான்.

அவள் அழவில்லை. சேலையை அவிழ்த்தாள். துவைத்துக் காயவைத்த பழைய நூல்சேலையில் தொட்டில் கட்டிவிட்டு வேலைக்குப் போனாள். அவள் ஸ்கூட்டர் முக்குத் திரும்புவதற்குள், தொட்டில் உள்ளறைக்குப் போனது. கூறைச்சேலையும் கூடவே போனது. எங்களுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஜன்னல் என்று ஒன்று எதற்காக வைத்திருக்கிறார்கள்?

அதிலிருந்து அவள் வீட்டிலிருக்கும்போதெல்லாம் அந்த அறைக் கதவு சாத்தியே இருந்தது. கண்ணு படுமாம். அவள் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

"அத்தை, அந்தச் சேலை இல்லீங்கள்ல?"

"மாத்தியாச்சு, மாத்தியாச்சு. போ அக்கட்ட!"

குறையுள்ள குழந்தை எங்காவது மஞ்சள் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அவள் அலுவலகத்துக்குத் தகவல் வரவேண்டும். அந்த வாரக் கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

"மேடம், ஆண் குழந்தை. மூத்திரம் கட்டன்காப்பி மாதிரி போகுது. அம்மா பேரு தாரணி, பீளமேடு."

தன் வீட்டுக் குழந்தை சாகக் கிடக்கிற சேதி அவளுக்கு உத்தியோக முறையில்தான் வந்தது! வீட்டில் யாரும் சொல்லவில்லை. கிருபாசங்கருக்குத் தெரியாதா? தெரியாமலென்ன... காரை ஓட்டிப்போனதே அவர்தான்.

அவள் ஓடிப்போய் நின்றபோது வராந்தாவில் எல்லோரும் இருந்தார்கள். ஈரோட்டிலிருந்து தாரணியின் மாமியார் சாமியாத்தாளும் வந்திருந்தார்.

டாக்டர் வெளியே வந்தார். "பாச்சை உருண்டை வெச்ச துணி ஏதாவது குழந்தைக்குப் போட்டீங்களா?"

ராசாத்தாள் சட்டென்று மருமகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே மோகனப்பிரியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"தொட்டில் சேலைல இருந்துச்சுங்க டாக்டர்," என்றாள். கட்டியது யார் என்று சொல்லவில்லை. சொன்னால் சாமியாத்தாள் இனி தாரணியைத் தாய்வீட்டுப் படி மிதிக்கவிடமாட்டார்.

"ஏனுங்க, இத்தன படிச்சவிய ஊட்டுக்குள்ள இருந்துமா?" சாமியாத்தாள் பிடித்துக்கொண்டார். "ஊரான் புள்ளைக்கெல்லாம் ஓடுவீங்களாமா... நாத்தனா புள்ளைன்னதும் உட்டுப்போட்டீங்ளாக்கு?"

"தப்புதானுங்க. நான் கதவத் தொறந்து பாத்திருக்கோணும்."

"உங்க கண்ணுதான் அண்ணி!" தாரணி தலையிலடித்துக்கொண்டு அழுதாள். "உங்களுக்கு இல்லாதது எனக்கு வந்துருச்சுன்னு..."

ராசாத்தாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகைக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள்.

குழந்தைக்கு ரத்தம் மாற்றினார்கள். நீல விளக்கின் கீழ் கிடந்து மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. பிழைத்தது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"இது தாய்வழியா ஆண் குழந்தைங்களுக்கு வர்ற குறை. தாரணிக்கு அவங்கம்மா மூலமா வந்திருக்கலாம். ஏம்மா, உங்களுக்கு ஆம்பளப் புள்ளை ஏதாவது மஞ்சளாகி..."

"அதெல்லாம் இப்ப வேண்டாமுங்க டாக்டர்!" மோகனப்பிரியா அவசரமாகக் குறுக்கிட்டாள்.

ஆனால் கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது. ராசாத்தாள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ற மொதப் பையன்... சத்தியமங்கலத்துல இருந்தப்ப... இதே சேலைலதான் தொட்டுல் கட்டினேன். மஞ்சளாப் போயி... போயே போயிட்டான். கொழுந்தம் பொண்டாட்டிக்குப் புள்ளையில்ல. அவ கண்ணுதான்னு சொல்லி, சாகற வரைக்கும் அவள வாசப்படி ஏத்துல... அய்யோ, நானேதானா! நானேதானா!"

பிறகு சாமியாத்தாள் பக்கம் திரும்பினாள்.

"சம்மந்தி, இவ கழட்டிப்போட்டா. நாந்தான் மறுக்காக் கட்டுனேன். கேட்டதுக்கு மாத்திப்போட்டேன்னு பொய் சொன்னேன். எல்லாரும் இவளப் பேசினீங்க... பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்!"

மருமகளின் தோளில் விழுந்து கதறினாள். மோகனப்பிரியா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இவள் கண்ணில் மட்டும் ஒரு பொட்டுத் தண்ணீரில்லை.

பேர் வைக்கிற அன்று வீடு நிறைய ஒறம்பரைச் சொந்தங்கள். சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தை ராசாத்தாள் எல்லோர் முன்னாலும் மருமகளிடம் நீட்டினாள்.

"பொறந்தன்னைக்குச் சேனத்தண்ணி வெக்க உன்னைய உடுல. இன்னைக்கு நீதான் வெக்கோணும், கண்ணு. உன்ற ராசி அவனுக்கு வரட்டும்."

வீடே எட்டிப் பார்த்தது.

"வேண்டாமுங்க அத்தை. பச்சக் கொழந்தைக்குத் தாய்ப்பாலத் தவிர எதுவும் குடுக்கக்கூடாதுங்க."

கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்தாள். குழந்தையின் குதிகாலை ஒருமுறை தொட்டாள். குத்திய தடம் மறைந்திருந்தது. உள்ளே போய்ப் பெட்டியோடு திரும்பி வந்தாள்.

"ஈரோட்டுக்கு மாத்தல் கேட்டிருந்தேன். கெடச்சிருச்சுங்க."

கிருபாசங்கர் செல்போனிலிருந்து நிமிர்ந்தார். "எங்கிட்ட சொல்லவேயில்லையே?"

"கார ஓட்டிக்கிட்டுப் போனப்ப நீங்களும் சொல்லலீங்களே."

"அத்தைய மன்னிச்சுப்போட்டு இரு அம்மணி..." ராசாத்தாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுட்டேனுங்க அத்தை. அதுக்காக இங்கயே இருக்கோணும்னு இல்லீங்களே... வாரேனுங்க."

அவள் ஆட்டோ ஏறியதை எங்கள் வீதியே ஜன்னலில் நின்று பார்த்தது. ஒருவரும் வெளியே வந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் குப்பை வண்டிக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சத்தம் போட்டார்.

"என்னங்க இது, ஊட்டுக்கு ஊடு பாச்சை உருண்டையாக் கொட்டி வெச்சிருக்கீங்க?"

நாங்கள் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டோம்.