நானூற்று இருபது

ஹேட்டியின் அறையில் காற்று வடிகட்டும் விசிறி நின்றுபோயிருந்ததை லைல் மதியம்தான் கவனித்தான். மதியம் என்று கடிகாரம்தான் சொன்னது; வெளியே காட்டுத்தீயின் புகை வானத்தைத் துருப்பிடித்த தகரமாக்கியிருந்தது, டேப் ஒட்டி அடைத்த ஜன்னல்களையும் மீறிக் கரிந்த பைன் மரத்தின் வாடை வீட்டுக்குள் ஊறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரே சாலையை மூடி மூன்று நாளாயிற்று. ஆஸ்துமாக்காரியான எட்டு வயது மகளுக்காக அவனே கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சென்சாரைப் போன வாரம்தான் வீட்டின் தானியங்கி அமைப்போடு இணைத்திருந்தான். அறையில் ஆள் விடும் மூச்சு சேரச் சேர எண் கூடும். ஆயிரத்தைத் தாண்டினால் விசிறி தானே சுழலும். விடியும்வரை அப்படித்தான் சுழன்றது.

விடிந்தபோது அவளுடைய இழுப்பு நின்றிருந்தது. அப்பாடா என்று அவன் காபி போட்டான்.

போன் அடித்தது. மூடிய சாலைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட மனைவி ரோண்டா. வீட்டின் எண்கள் அவள் போனிலும் தெரியும்.

"ஹேட்டிய எங்க தூக்கிட்டுப் போன?"

"எங்கயும் போகல. ரூம்லதான் இருக்கா."

"நானூத்தி இருபதுன்னு காட்டுது, லைல். அது ஆளில்லாத ரூமு. உன் டப்பாவ நம்பி புள்ளைய விட்டுட்டு வந்தேன் பாரு."

"டப்பா கெட்டுப்போயிருக்கும். இரு, பாக்கறேன்."

அறைக்குள் போய் சென்சாரை எடுத்து ஊதினான். ஆயிரத்து எண்ணூறு. விசிறி உறுமியது.

மூச்சை அடக்கிக்கொண்டான். எண் இறங்கியது. இறங்கி, நானூற்று இருபதில் நின்றது.

கட்டிலில் ஹேட்டி எழுந்து உட்கார்ந்திருந்தாள். "கதவ மூடுப்பா. புகை வருது."

"கண்ணு, இதுல ஊது. கேக்குல மெழுகுவத்திய அணைப்பியே, அப்படி."

கன்னம் உப்பியது. உதடு குவிந்தது.

எண் அசையவில்லை.

"இன்னொரு தடவ. ப்ளீஸ்டா."

அவள் உதட்டுக்கும் அவன் மணிக்கட்டுக்கும் ஓர் அங்குலம். ஒரு மயிர்கூட ஆடவில்லை.

"லைல்? என்னாச்சு? பேசு!" போனில் ரோண்டா கத்தினாள்.

சென்சாரைத் தன் வாய்ப்பக்கம் திருப்பினான். ஊதினான்.

"ஏறுது! லைல், ஏறுது! மூச்ச விடச் சொல்லு, இன்னும் விடச் சொல்லு!"

ரோண்டா அழுதுகொண்டே சிரித்தாள். அவன் ஊதிக்கொண்டே இருந்தான். கண் இருண்டது. நிறுத்தவில்லை. எதிரே ஹேட்டி, உப்பிய கன்னம் தணியாமல், இமைக்காமல், அவன் வாயருகே நெருங்கி வந்தாள்.