தூக்கம் வராத மாத்திரை

அந்த மாத்திரை அட்டை அங்கே கிடந்திருக்கக் கூடாது.

கும்மிடிப்பூண்டி பஜாரில் இருக்கும் அந்த மருந்துக்கடையில் ஜெபாவுக்கு இது ஏழாவது வருடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மருந்து எந்த இழுப்பறையில் என்று கை சொல்லும். தூக்க மாத்திரைக்கு மட்டும் பூட்டுப் போட்ட தனி இழுப்பறை. சாவி அவள் பையில்தான் இருக்கும். ஆனால் சாயங்காலம் ஐந்து இருபதுக்கு, மேஜையைத் துடைக்கக் குனிந்தபோது, கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் நீலப் பட்டை போட்ட வெள்ளி அட்டை ஒன்று கிடந்தது. பத்தில் நான்கு மாத்திரையை வெட்டிக் கொடுத்தது போக மீதி ஆறு. வெட்டியது அவள் கைதான்.

திருப்பிப் பெயரைப் படித்தாள். வெளிச்சத்தில் பிடித்து மறுபடி படித்தாள். தூக்க மாத்திரை. அதிலும் சாதாரணமானதில்லை, நாள்கணக்கில் கண்மூடாமல் தவிப்பவர்களுக்கு டாக்டர்கள் யோசித்து எழுதுவது. மதியம் வந்த பெட்டிகளைப் பிரித்து அடுக்க நேரமில்லாமல் மேஜையோரம் வைத்திருந்தாள். அதில் இந்தத் தூக்க மாத்திரையும் உண்டு, அரிப்புக்கான மாத்திரையும் உண்டு. அதே கம்பெனி, அதே வெள்ளி அட்டை, அதே நீலப் பட்டை.

யாருக்குக் கொடுத்தோம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஹனீப் பாய். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பெண்களை ஏற்றி இறக்கும் கம்பெனி வேனின் டிரைவர். ஐந்து மணிக்குச் சற்று முன்னால் வந்தார், இரண்டு கைகளிலும் தடிப்புத் தடிப்பாகச் சொறிந்த கோடுகளோடு.

"தூக்கம் வராத மாத்திரையா பாத்துக் குடு மா. நேத்து நைட்டு டிரிப்பும் நான்தான் ஓட்டுனேன். மாத்து டிரைவர் வர்ல. கண்ணு ரெண்டும் எரியுது."

"இது தூக்கம் வராது பாய்," என்று சொல்லிக்கொண்டேதான் கத்தரித்தாள். அவர் அங்கேயே நின்று ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

கல்லாவில் முதலாளி எட்வர்ட் உட்கார்ந்திருந்தார். ஜெபா அட்டையை நீட்டி விஷயத்தைச் சொன்னாள். அவர் அதை வாங்கிப் பார்த்து, உள்ளங்கையில் மூடிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போன் பண்றேன் சார்."

"பண்ணி இன்னா சொல்லுவ?"

"மாத்திரை மாறிப்போச்சின்னு."

"சொல்லு. நாளைக்கு நாலு பேரக் கூட்டியாந்து கடை வாசல்ல நிப்பான். லைசென்ஸ் போச்சின்னா நீயும் நானும் ஊட்டுக்குப் போவ வேண்டியதுதான். ஒரு மாத்திரைக்கு ஒண்ணும் ஆவாது. எப்டிக்கீறான்னு மட்டும் கேளு."

பில்லில் ஹனீப் பாயின் நம்பர் இருந்தது. போன் ஒரு தடவை ஒலித்து முடிவதற்குள் எடுத்தார்.

"சொல்லு மா. ப்ளூடூத்த காதுல மாட்டிக்கினுகீறேன், போன் தானா எடுத்துக்கும்."

"எங்க இருக்கீங்க பாய்?"

"கம்பெனி கேட்டாண்ட. பொண்ணுங்க வர்ற நேரம்."

எஞ்சின் சத்தமில்லை. காக்கை கத்தியது. வண்டி நின்றுகொண்டுதான் இருக்கிறது.

"அரிப்பு எப்படி இருக்கு?"

"நின்னே போச்சி மா. உடம்பு பஞ்சு மாதிரி ஆயிடுச்சி."

"தூக்கம்... வருதா?"

"ராத்திரி முழுக்க முழிச்சிக்கினு இருந்தேன்ல, அதான். ஊட்டுக்குப் போயி படுத்தா சரியாப்பூடும்."

எட்வர்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல் நாக்கு நுனியில் நின்றது. வண்டியை எடுக்காதீங்க. அவ்வளவுதான்.

"ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க பாய்," என்றாள்.

அவர் சிரித்தார். "அக்கறையா கேக்குறியே, நல்லா இரு மா."

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்று மருந்தை எடுத்து, திரும்ப வைத்து, வைத்த இடத்தை இரண்டு தரம் பார்த்தாள். ஸ்பிரிட் வாடையும் தெருவிலிருந்து வந்த மழை வாடையும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டன. இன்சுலின் வைக்கும் குளிர்ப்பெட்டி இதுவரை இப்படி உறுமியதாக நினைவில்லை. ஹைவே பக்கமிருந்து லாரி ஹாரன் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவள் கை அந்தரத்தில் நின்றது. அந்த வேனில் பத்துப் பெண்கள். அதில் கன்னியம்மாவை அவளுக்குத் தெரியும். மாதம் ஒருமுறை மகளின் மூச்சிரைப்புக்கு மருந்து வாங்க வருவாள், பேசிக்கொண்டே இருப்பாள்.

ஆறு அடித்ததும் ஜெபா பின்னறைக்குப் போனாள். எட்வர்ட் கூப்பிட்டது காதில் விழுந்தது. கதவைச் சாத்திவிட்டு நம்பரை அழுத்தினாள்.

மணி அடிக்கவேயில்லை. போன் எடுத்துக்கொண்டது.

"பாய், வண்டிய நிறுத்துங்க. நான் குடுத்தது தூக்க மாத்திரை. தப்பு என்னுது. ஓரமா நிறுத்துங்க."

எஞ்சின் ஓடும் சத்தம். டயரின் நீளமான ரீங்காரம். பின்னால் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், காதோடு காதாக, இன்னொரு சத்தம்.

குறட்டை.

மெதுவாக, திருப்தியாக, கட்டிலில் படுத்திருப்பவரின் குறட்டை.

"பாய்! முழிச்சிக்கோங்க! யாராச்சும் அவர எழுப்புங்க! கன்னியம்மா!"

அவள் குரல் அந்த வேனில் ஒரே ஒரு காதுக்குள்தான் போகிறது. தூங்குகிற காது.

"பிரேக்குல கால வைங்க பாய்."

"ம்," என்றது தூக்கம்.

"கால வைங்க!"

"ம்."

மறுபடி குறட்டை. பின்னால் யாரோ வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெபா கத்தினாள். தொண்டை கட்டும் வரை கத்தினாள். வண்டி ஓடியது. எதிலும் மோதவில்லை. எங்கும் திரும்பவில்லை.

கதவு படாரென்று திறந்தது. கடைக்கு எதிரே டீக்கடையோரம் ஆம்புலன்ஸ் நிறுத்தும் டிரைவர் அன்புராஜ்.

"யக்கா, பஞ்சு, கட்டுத்துணி, இருக்கறதெல்லாம் குடு. எளாவூர் செக்போஸ்ட்டாண்ட, நின்னுக்கினு இருந்த டிரெய்லருக்கு அடியில வேன் ஒண்ணு பூந்துட்சாம். பொம்பளைங்க வண்டி. பத்து நிமிசம் ஆவுதாம்."

ஜெபா கைபேசியைப் பார்த்தாள். பதினாறு நிமிடமாக அவள் இணைப்பில் இருக்கிறாள்.

"அது வேற வண்டிப்பா. இது ஓடிக்கினு இருக்குது."

"எது ஓடுது? ஹனீப் பாய் வண்டிக்கா. பேரு சொல்லித்தான் போன் வந்திச்சி. மேக்கூரையே இல்லன்றாங்க."

கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு ஓடினான். சைரன் எழுந்தது, பஜார் நெரிசலில் முட்டி நின்றது, ஹைவேயை நோக்கித் தேய்ந்தது. முன்பக்கம் எட்வர்ட் ஷட்டரை இழுத்துவிடும் சத்தம் கேட்டது.

அவள் கைபேசியைக் காதில் வைத்தாள்.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஹாரன் இல்லை. வேறு வண்டிகளின் இரைச்சல் இல்லை. பள்ளம் மேடு இல்லாத ஏதோ ஒரு சாலை. குறட்டை அதே தாளத்தில்.

பெண்களின் சிரிப்பு நின்றிருந்தது.

"பாய், எறங்கணும்," என்றாள் ஒருத்தி. கோபமில்லாமல், தினமும் சொல்வது போல.

வண்டி ஓடியது.

"பாய், எங்க ஊரு தாண்டிப்போச்சி. எறங்கணும்."

இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. எண்ணக் கூடாது என்று நினைத்தும் எண்ணினாள். ஒன்பது குரல்கள். ஒன்றாகச் சேராமல், ஒன்றன் பின் ஒன்றாக.

"எறங்கணும் பாய்."

"எறங்கணும் பாய்."

ஜெபா சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். திரையில் விநாடிகள் ஏறிக்கொண்டே போயின. இருபத்து மூன்று நிமிடம். இருபத்து நான்கு.

அப்போது உரசல் ஒன்று கேட்டது. தூங்கும் காதிலிருந்து யாரோ ப்ளூடூத்தைக் கழற்றுவது போல. வேறு ஒரு காதில் மாட்டிக்கொள்வது போல. குறட்டை தூரப் போனது. மிக அருகில் ஒரு மூச்சு. பத்தாவது குரல். கன்னியம்மாவின் குரல்.

"யக்கா. நீதான் லைன்ல கீறியா?"

ஜெபா மறுபடி சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"ஊட்ல புள்ள தனியாக்கீது யக்கா. பாயாண்ட நீ ஒரு வார்த்தை சொல்லேன். வண்டிய நிறுத்தச் சொல்லேன்."