நடுவில் ஒரு குன்று!

பிணம் ஆற்றோரப் பாறையில் குப்புறக் கிடந்தது.

மேலே செங்குத்தான மலை. கீழே தென்னாப்பிரிக்காவின் ம்கோமாசி ஆறு. சுற்றிலும் ஆள் நடமாட்டமே இல்லாத காடு.

துப்பறியும் அதிகாரி ஹடேபே கொட்டாவி விட்டார். அவர் லீவு கேட்ட நாளில்தான் யாராவது செத்துத் தொலைக்கிறார்கள்!

"பேரு சகீலே மியா, சார்," என்றாள் கான்ஸ்டபிள் நோம்சா. "பொண்டாட்டி, மச்சானோட மலையேற வந்தவர்."

ஆற்று வளைவைச் சுற்றி, கால் கடுக்கக் கூடாரத்துக்கு நடந்தார்கள்.

மனைவி ந்டோம்பென்லே கம்பளிக்குள் முடங்கியிருந்தாள்.

"காய்ச்சல் சார்... காலைலேர்ந்து நான் வெளியவே போகல."

அவள் தம்பி லிண்டெலானி முந்திக்கொண்டான்.

"நான் பார்த்தேன் சார்! இதே வாசல்ல நின்னுட்டிருந்தேன். மாமா உச்சில நின்னாரு... கால் வழுக்கிடுச்சு!"

ஹடேபே நிமிர்ந்து பார்த்தார். பனிமூட்டம். மலையே தெரியவில்லை.

"காலைல மூட்டமே இல்ல சார்!"

"அப்படியா?"

பெருமூச்சோடு மலை வரைபடத்தை விரித்தார். தாள் முழுக்க, உயரத்தைக் காட்டும் வளைவு வளைவான பழுப்புக் கோடுகள்.

"கோடு நெருங்கினா செங்குத்து. இங்கதான் அவர் விழுந்தாரு. இது உன் கூடாரம். நடுவுல இது என்னப்பா?"

"கு... குன்று."

"உச்சியையே மறைக்கிற குன்று! அதைத் துளைச்சுப் பார்க்க உன் கண்ணு என்ன ட்ரில்லிங் மெஷினா? நீதானே தள்ளினே?"

விலங்கு க்ளிக்கென்று பூட்டிக்கொண்டது.

"ஐயோ, இல்ல சார்! நான் தூங்கிட்டிருந்தேன்! அக்காதான் ஓடி வந்து எழுப்பினா... மாமா வழுக்கி விழுந்துட்டாரு, நீ பார்த்தேன்னு சொல்லுன்னா..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

ஹடேபே மெல்லத் திரும்பினார்.

"வெளியவே போகாத உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

கம்பளி நழுவியது. அவள் கழுத்தில்... ஐந்து விரல்களின் தடம்!

"பதினோரு வருஷமா அவர் கை ஓங்கும்போதெல்லாம் பின்னால நகர்ந்தேன் சார்," என்றாள். குரலில் அழுகை இல்லை. அலுப்பு மட்டும்தான். "இன்னிக்குப் பின்னால பள்ளம். நகர இடமில்ல. சட்டையைப் புடிச்சு... சுழட்டி விட்டுட்டேன்."

 

ஹடேபே தம்பியின் விலங்கைக் கழற்றினார். அதை அவள் கையில் மாட்டவில்லை. தன் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினார்.

"கோர்ட்ல இதை ஒரு வார்த்தை விடாம சொல்லுங்கம்மா. கழுத்தையும் காட்டுங்க."

வெளியே வந்ததும் நோம்சா கேட்டாள்.

"உச்சிக்கு ஏறிப் பார்க்கணுமே சார்?"

"மேப்ல ஏறினதுக்கே எனக்கு மூச்சு வாங்குது. நீ ஏறும்மா... நான் நாலு கோடு கீழயே நிக்கறேன்!"