ஆலாவுக்குப் பிடித்த மீன்

எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்பதால் வீட்டில் எல்லோரும் அந்தச் சிறுமியைக் ‘கேள்விக்குறி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளுடைய சித்தி விலங்கு மருத்துவர். கடலில் பாய்ந்து மீன் பிடிக்கும் ஆலாப் பறவை ஒன்று, சிறகில் அடிபட்டுச் சித்தியிடம் வந்திருந்தது. கட்டுப் போட்டாயிற்று. ஆனால் அது எதையும் தின்னவில்லை.

சித்தப்பா கடையில் சாளை மீன் வாங்கி வந்தார். ஆலா ஒன்றைக் கவ்வியது, விழுங்கப் பார்த்தது, கீழே போட்டுவிட்டது. நாளைக்கும் இப்படியே இருந்தால் தாங்காது என்று சித்தி கவலைப்பட்டாள்.

கேள்விக்குறி அந்த மீனை எடுத்துப் பார்த்தாள். அகலமான வயிறு. வாலிலிருந்து தலைப் பக்கமாக வயிற்றைத் தடவியபோது ரம்பம்போல விரலில் கீறியது.

“சித்தி, அதுக்குப் பசிதான். இந்த மீன்தான் தொண்டையில இறங்கல. மத்த ஆலா எல்லாம் என்ன சாப்பிடுதுன்னு பாத்துட்டு வரட்டா?”

“அதுங்க விருந்துக்குக் கூப்பிட்டா எனக்கும் சொல்லு,” என்ற சித்தப்பா, தூண்டிலோடு அவளுக்கு முன்னால் வாசலில் நின்றார்.

படகுத்துறையில் இரண்டு ஆலாக்கள் ஒரே மீனுக்குச் சண்டை போட, அது பலகைமேல் விழுந்தது. அவள் குனிந்தாள். பென்சில் போல ஒல்லி. பக்கவாட்டில் ஒரு வெள்ளிக் கோடு. மூக்கு முன்னால் நீண்டிருந்தது. அதற்கு அடியில் தொடங்கிய வாய், கண்ணையும் தாண்டிப் போயிருந்தது.

நெத்திலி என்றார் சித்தப்பா. கடைக்கு இன்று அது வரவில்லையாம். அதற்குள் ஓர் ஆலா பாய்ந்து அந்த மீனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

துறைக்கு அடியிலேயே நெத்திலிக் கூட்டம் பளபளவென்று திரும்பித் திரும்பி நீந்தியது. சித்தப்பா மாவு உருண்டை குத்தித் தூண்டில் போட்டார். ஒரு மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை.

கேள்விக்குறி பலகைமேல் குப்புறப் படுத்துக் கவனித்தாள். மீன்கள் வாயைத் திறந்தபடி, தண்ணீரில் மினுங்கும் தூசு போன்ற எதையோ பிடித்தன.

“உருண்டை அதுக்கு மலை மாதிரி, சித்தப்பா. பொடியா மின்னுறதத்தான் தேடுது.”

பையிலிருந்த மிட்டாயின் வெள்ளித்தாளைக் கிள்ளி, இருப்பதிலேயே சிறிய தூண்டில் முட்களில் இறுக்கிச் சுற்றினாள். நூலை மெல்ல ஏற்றி இறக்கினாள். நூல் துடித்தது. ஒன்றன்பின் ஒன்றாக மீன்கள் வந்தன. ஒவ்வொன்றின் வாயையும் பார்த்துத்தான் வாளியில் போட்டாள். நடுவில் வந்த குட்டிச் சாளை ஒன்று கடலுக்கே திரும்பிப் போனது.

அவர்கள் வாளியோடு திரும்பியதும், சித்தி ஒரு நெத்திலியை நீட்டினாள். ஆலா ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. கவ்வியது. மீனைத் தலைப்பக்கமாகத் திருப்பியது. அவ்வளவுதான், மீனைக் காணோம்.

“அடுத்தது குடு, சீக்கிரம்,” என்றாள் சித்தி.

கடைசியில் வாளியில் தண்ணீர் மட்டுமே மிச்சம். ஆலா ஒரு காலை மடக்கிக்கொண்டு, நிம்மதியாகக் கண்ணை மூடியது.