கொக்குமெட்டில் இரண்டு புகை

அன்று காலை மஞ்சனூத்து செக்போஸ்டில் இருந்தவர்கள்:

வனத்துறை கார்டு ஹமீதா. மேலே கொக்குமெட்டுத் தீக்காவல் டவருக்குக் கூட்டிப் போகிறவர். இடுப்பில் வாக்கிடாக்கி, கழுத்தில் விசில்.

லியோ. திண்டுக்கல் பையன். டவர் வாட்சர் வேலைக்கு வந்தவன். புது ஷூ.

பவுன்தாய். இப்போது டவரில் இருக்கும் வாட்சர் தவசியின் மனைவி. கையில் தூக்குவாளி.

நாலுகால். அரிசியும் பேட்டரியும் மண்ணெண்ணெயும் சுமக்கும் பொதியந்திரம்.

சொக்கர். அதாவது நான். நாலுகாலை நடத்துகிறவன்.

ஹமீதா வாசலில் நட்டிருந்த தகரப் பலகையைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று லியோவிடம் கேட்டார். அவன் கிட்டே போய்ப் பார்த்தான், தள்ளி நின்று பார்த்தான். ஒன்றுமே எழுதவில்லை, வெறும் தகரம் என்றான். சரி, நட என்றார் ஹமீதா. எனக்கு அதே பலகையில் 'காட்டுக்குள் தீ மூட்டாதீர்' என்று சிவப்பில் பளிச்சென்று தெரிந்தது. பவுன்தாய் அந்தப் பலகையில் சாய்ந்துகொண்டு செருப்பு வாரை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பஸ் மாறி ஏறிக் கூடலூர்வரை போய்த் திரும்பியதில் அவர் வந்து சேரவே தாமதம். அதற்காக ஹமீதாவிடம் இரண்டு திட்டு வாங்கினார், சிரித்துக்கொண்டே.

பலகையில் இப்போது யாரும் எழுதுவதில்லை. எழுத்தெல்லாம் கண்ணில்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே விழிப்படலம் வைத்துவிடுகிறார்கள். பஸ் எங்கே போகிறது, கடையில் என்ன கிடைக்கும், எதிரே வருகிறவர் பெயர் என்ன, எல்லாம் அதில் வரும். வேண்டாமென்றால் தேனி ஆஸ்பத்திரியில் அந்தப் படலத்தை மூடிவிடுவார்கள், பத்து நிமிட வேலை, அப்புறம் வெறும் கண்தான். மூடினால் மறுபடி திறக்காது. அதனால் டவர் வாட்சரைத் தவிர யாரும் மூடிக்கொள்வதில்லை. லியோ போன வாரம் மூடிக்கொண்டு வந்திருந்தான்.

சோலையைத் தாண்டி மலைமுகட்டில் ஏறியதும் காற்று பிடித்து இழுத்தது. இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் ஓர் ஆள் நடக்கிற அகலத்தில் பாதை. வலது பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் கிடந்தது. எனக்கு அது எப்போதும்போல் பச்சைப் பசேலென்று, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மாதிரி இருந்தது. பங்குனி மாதத்தில்.

படலத்துக்கு இருநூறு மீட்டர்வரைதான் நிஜம். அதற்கு அப்பால் தெரிவது நிரப்பு. என்றோ ஒரு நல்ல நாளில் எடுத்து வைத்த படம். நான் மூன்று வருடம் இரவு ஷிஃப்டில் அந்த நிரப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவன். குப்பைமேடு, கருகிய மரம், பறக்கிற பாலிதீன் பை, புகை எல்லாம் எங்கள் பாஷையில் அழுக்கு. அழுக்கில்லாத காட்சியைத்தான் மக்களும் கேட்டார்கள். பகலில் தூக்கம் வரவில்லை, வேலையை விட்டுவிட்டேன். நாலுகாலோடு நடப்பது அதைவிட மேல். அது பேசாது.

ஒரு கோடையில் மேற்கு மலை முழுக்க எரிந்திருக்கிறது. ஊர் சனம் மாடியில் நின்று பச்சை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காயப்போட்ட துணியில் சாம்பல் விழுந்த பிறகுதான் சந்தேகமே வந்தது. வானத்தில் சுற்றும் கேமராக்களும் இதே நிரப்பில்தான் ஓடுகின்றன என்பது அதற்கப்புறம் தெரிந்தது. அன்றிலிருந்து மலைக்கு ஒரு டவர், டவருக்கு மூடிய கண்ணோடு ஓர் ஆள். ஒரே ஆள்தான். இரண்டு பேரை வைத்தால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள், மலையை யார் பார்ப்பது என்பது வனத்துறையின் வாதம்.

ஒரு வருடம் முடிந்ததும் புது ஆள் வருவான். அவனுக்கு ஒரு புகைச் சோதனை உண்டு. கீழே எங்கேயோ ரேஞ்சர் ஈர வைக்கோலைக் கொளுத்துவார். எங்கே என்று மேலே யாருக்கும் சொல்ல மாட்டார். இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் புது ஆள் அங்கேயே தங்குவான், பழைய ஆள் அன்றைக்கே இறங்கலாம். சொல்லாவிட்டால் பழைய ஆள்தான் தொடர வேண்டும். தவசியின் முறை முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. இரண்டு பேர் வந்து தோற்றுப் போனார்கள். இரண்டு முறையும் பவுன்தாய் புருஷனைக் கூட்டிப்போக ஏறி, தனியாக இறங்கினார். இது மூன்றாவது முறை.

அதனால் அவர் லியோவை மாப்பிள்ளை மாதிரி கவனித்துக்கொண்டு வந்தார். கல் தடுக்கினால் கையைப் பிடித்தார். தாகமா என்று கேட்டார். லியோ அடிக்கடி கையை முன்னே நீட்டினான். தூரத்து மலை கைக்கெட்டும் போல இருக்கிறதாம். புதிதாக மூடியவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

"மலையத் தொட்டுப் பாத்துட்டியா தம்பி?" என்று கேட்டார் பவுன்தாய். "சூடா இருந்துச்சா?"

"இன்னும் கொஞ்சம் எட்டணும்க்கா."

"எட்டும், எட்டும். இன்னைக்கி எட்டலைனா உன்னைய இங்கயே கட்டிப் போட்டுட்டுப் போயிருவேன்."

ஒரு பாறை நிழலில் புளிச்சோறு சாப்பிட்டோம். பவுன்தாய் தூக்குவாளியைத் திறக்கவில்லை. அதில் தவசிக்கு உப்புக்கண்டம் வறுத்து எடுத்து வந்திருந்தார், வாசனை மட்டும் எங்களுக்கு. சாப்பிட்டு எழுந்தால் நாலுகால் எழவில்லை. சரிவு அதன் அளவைத் தாண்டிவிட்டதென்று உட்கார்ந்துகொண்டது. ஹமீதா பின்னால் போய் ஓர் உதை விட்டார். எழுந்து நடந்தது. கம்பெனி கொடுத்த கையேட்டில் இந்த வழி இல்லை.

அங்கேதான் பவுன்தாய் ஒன்று சொன்னார். எதிர்ச்சரிவில் போன முறை பார்த்த எரிந்த கறுப்பு இப்போது பாதிக்கு மேல் துளிர்த்துவிட்டதாம். நான் எதிர்ச்சரிவைப் பார்த்தேன். பச்சை. ஹமீதாவும் பார்த்தார். அவருக்கும் பச்சைதான், கார்டுகள் கண்ணை மூட முடியாது, உத்தரவெல்லாம் அதில்தான் வருகிறது.

ஹமீதா மெதுவாகக் கேட்டார். "அக்கா, நீங்க எப்ப மூடுனீங்க?"

பவுன்தாய் மறைக்கவில்லை. தவசி மேலே வந்த இரண்டாம் மாதம் மூடிக்கொண்டாராம். இருட்டியதும் தவசி டவரில் நின்று ஊரைப் பார்த்து லாந்தரை ஆட்டுவார் என்று இருவருக்கும் பேச்சு. பவுன்தாய் சின்னமனூர் வீட்டு மாடியில் நின்று பார்த்தால் மலை மட்டும் தெரியும், விளக்கு தெரியாது. படலம் அதைத் துடைத்துவிடும். இரவு விளக்குகளையும் நாங்கள் அழுக்கில்தான் சேர்த்திருந்தோம். மூடிக்கொண்ட அன்று சாயங்காலம் மாடியில் ஏறினார். தெரிந்தது.

"ஒரு கடுகு அளவு. ஆனா ஆடுச்சு," என்றார்.

அதற்கப்புறம் வேலை பார்க்கிற திராட்சைத் தோட்டத்துக்கு டிரைவர் முகத்தைப் பார்த்து பஸ் ஏறுகிறார். டிரைவர் லீவு போட்டால் கூடலூர் போய்விடுகிறார்.

டவர் எனக்கு எப்போதும் திடீரென்றுதான் முளைக்கும். நிரப்பில் அது கிடையாது. வெறும் முகடு தெரிந்துகொண்டிருக்கும், இருநூறு மீட்டர் வந்ததும் இரும்புக்கால்களும் தகரக்கூரையும் கீழே கல் அறையும் பட்டென்று வந்து நிற்கும். அறை வாசலில் தவசி நின்றார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். வெள்ளை வேட்டி. பக்கத்தில் கட்டி வைத்த டிரங்குப் பெட்டி.

பவுன்தாயைப் பார்த்ததும் என்ன பேசுவதென்று தெரியாமல், கரடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கதவைப் பூட்டாமல் விட்டால் வந்து அரிசி டப்பாவைத் திறந்துவிடுகிறதாம். மூடி திருகுகிற டப்பாவையே திறக்கிறதாம்.

"உங்களுக்கே திறக்க வராதே அந்த டப்பா," என்றார் பவுன்தாய். "கரடிகிட்ட கேட்டு வாங்கித் தின்னீங்களா?"

தவசி உப்புக்கண்டத்தை நின்றபடியே தின்றார்.

பிறகு எல்லோரும் மேலே ஏறினோம். ஹமீதா வாக்கிடாக்கியில் சொன்னார், கீழே ரேஞ்சர் பற்றவைத்துவிட்டதாகப் பதில் வந்தது. தவசி வாயைத் திறக்கக் கூடாது, அது விதி. லியோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இடமிருந்து வலமாக நிதானமாகப் பார்த்தான். நன்றாகத்தான் பார்த்தான்.

என்ன தெரிகிறது என்று கேட்டார் ஹமீதா. ஆறு தெரிகிறது, தோப்பு தெரிகிறது என்றான். எதிர்ச்சரிவில் என்ன தெரிகிறது என்றார். நல்ல பச்சை, மழை பெய்து ஓய்ந்த மாதிரி என்றான்.

எனக்கு அது யாருடைய படம் என்று தெரியும். கண்ணை மூடிவிட்டார்கள், ஆனால் இருபது வருடம் பார்த்த நிரப்பை அவன் மண்டையே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. முன்னால் வந்த இருவரும் இதே பச்சையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் காலத்து ஆட்களுக்கு வருகிற தப்பு இது. வேறு காலத்தில் யாருக்கும் வந்திருக்காது.

"புகை இருக்கா தம்பி? நல்லாப் பாத்துச் சொல்லு."

"இல்ல மேடம். சுத்தமா இருக்கு."

ஹமீதா கீழே குனிந்து விசிலைத் துடைத்தார். தவசி படியில் உட்கார்ந்தார். கீழே கட்டி வைத்திருந்த பெட்டியை அவிழ்க்க வேண்டும் என்று முகத்தில் எழுதியிருந்தது. லியோவுக்குத் தோற்றுவிட்டோம் என்பது அப்போதுதான் புரிந்தது. காதெல்லாம் சிவந்துவிட்டது.

பவுன்தாய் கம்பியோரம் நின்றவர் திரும்பாமலே சொன்னார். "ரெண்டு இருக்கு."

"என்ன ரெண்டு?"

"புகை. திராட்சைத் தோட்டத்து பம்புசெட்டுக்குப் பின்னாடி ஒண்ணு. வெள்ளையா நேரா ஏறுது, ஈர வைக்கோலு. இன்னொண்ணு எதுத்தாப்ல, அந்தப் பொளந்த பாறைக்குக் கீழ. அது நீலமா, படுத்துக்கிட்டுப் போகுது. அது வைக்கோலு இல்ல மேடம். புல்லு எரியுது."

நான் பார்த்தேன். பிளந்த பாறையும் அதற்குக் கீழே பச்சையும்தான் எனக்குத் தெரிந்தன. அவ்வளவு அழகான பச்சை.

ஹமீதா ரேஞ்சரிடம் கேட்டார். பம்புசெட் சரி. இரண்டாவது பற்றி ரேஞ்சருக்குத் தெரியாது. அந்தப் பக்கத்துத் தீ வாட்சர்களை ஓடச் சொன்னார். நாங்கள் காத்திருந்தோம். பவுன்தாய் மட்டும் பார்த்துக்கொண்டே நிலவரம் சொன்னார்: இப்போது மேலே ஏறுகிறது, இப்போது காற்று திரும்பிவிட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள், பச்சைக் குழை ஒடித்து அடிக்கிறார்கள். கடைசியில் வாக்கிடாக்கி கரகரத்தது. அணைத்துவிட்டார்கள். சோலைக்குள் போகவில்லை. ஹமீதா தன்னையறியாமல் ஒரு விசில் ஊதினார், லியோ கைதட்டினான்.

தவசிக்குத்தான் சந்தோஷம் முழுதாக வரவில்லை. ஒன்றரை வருடம் அந்த மலையை விட்டுக் கண்ணை எடுக்காத மனிதர், இரண்டு புகையில் ஒன்றைக்கூடப் பார்த்திருக்கவில்லை. நான் கவனித்தேன். மேலே ஏறியதிலிருந்து அவர் பார்த்தது பவுன்தாயின் முதுகைத்தான்.

விதியில் ஆண், பெண் என்று இல்லை, விண்ணப்பித்தவர் என்றும் இல்லை என்றார் ஹமீதா. மூடிய கண்ணோடு புகை இருக்கும் இடத்தைச் சொன்னவர் தங்கலாம். அவ்வளவுதான் சொல்லியிருக்கிறது. சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்தார். தவசி எழுந்து அதெல்லாம் வேண்டாம் என்றார். தானே இருந்துகொள்வதாகவும், அடுத்த ஆள் வருகிறவரைக்கும்தானே என்றும் சொன்னார். பவுன்தாய் மனசில்லாமல் பேசுகிறாள், அவள் வந்தது தன்னைக் கூட்டிப் போகத்தான் என்றார். உண்மையில் பவுன்தாய் இன்னும் ஒன்றும் பேசியிருக்கவில்லை. பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் திரும்பினார்.

"யோவ். கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். நீ கீழ போ, அது போதும் எனக்கு." முதல் முறையாக நீ என்றார். "பாத்து முடிச்ச கண்ணுய்யா உனக்கு. என்னைய பாக்க ஆரம்பிச்சிட்ட. இதுக்கு மேல இங்க இருந்தா மலை எரிஞ்சு போகும்."

"நீ தனியா எப்படி..."

"கீழ மட்டும் கூட்டமாவா இருந்தேன்?"

தவசி மறுபடி படியில் உட்கார்ந்தார். பவுன்தாயே சமாதானத்துக்கு வந்தார். இங்கிருந்து பார்த்தால் தன் தோட்டம், தன் மாடி, ஊர் எல்லாம் தெரிகிறது, பஸ்கூட ஏற வேண்டாம் என்றார். லியோ அடுத்த மழைக்குள் தயாராகி வருகிறேன் என்று சத்தியம் செய்தான். அவனைச் சின்னமனூர் வீட்டில் தங்கவைத்துத் தினமும் மாடியில் நிறுத்தி, மலையில் என்ன தெரிகிறது என்று கேட்கும்படியும், பச்சை என்று சொன்னால் சோறு போடாமல் விடும்படியும் தவசிக்கு உத்தரவானது.

நாலுகாலின் முதுகில் இருந்த அரிசியும் பேட்டரியும் இறங்கி, தவசியின் பெட்டி ஏறியது. நான் கயிற்றை இறுக்கிக்கொண்டே, தேனி ஆஸ்பத்திரியில் கண் மூடுவது எந்தக் கட்டடம் என்று ஹமீதாவிடம் கேட்டேன். மூடினால் நாலுகாலை ஓட்ட முடியாது அண்ணே, அதோட கட்டளையெல்லாம் படலத்தில்தானே இருக்கு என்றார். உதைத்தால் போதாதா என்றேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, பழைய கட்டடம், முதல் மாடி என்றார்.

தவசி அறை வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். மண்ணெண்ணெய் எங்கே, மேற்குக் காற்று அடித்தால் எந்த ஜன்னலைச் சாத்த வேண்டும், லாந்தர்த் திரியை எவ்வளவு தூண்ட வேண்டும். பவுன்தாய் எல்லாவற்றுக்கும் ம் சொன்னார். கடைசியில் தவசி கரடிக்கு வந்தார்.

"கதவ மறந்துறாத."

"மறக்கலை. நீங்க வெளிய நில்லுங்க முதல்ல," என்றார் பவுன்தாய். "இருட்டுனதும் மாடிக்குப் போங்க. ஆட்டுவேன்."

தவசி ஒரு காலை வாசற்படியில் வைத்திருந்தார். அதை எடுத்துப் பின்னால் வைத்தார். பவுன்தாய் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது, அதற்கு மேல் பூட்டும் ஒரு முறை திரும்பியது.