புதுப்பித்த ஏக்கம்

செண்பகவல்லிக்கு ஏக்கம் போதவில்லை.

செய்முறை வகுப்பில் மற்றவர்களெல்லாம் காதுக்குப் பின்னால் வில்லையை ஒட்டிய கொஞ்ச நேரத்தில் வியர்த்து வழிந்தார்கள். ஒருத்தன் மேசை விளிம்பைக் கடித்தான். ஒருத்தி யாரையோ கெஞ்சுவதுபோலக் கைகூப்பி அழுதாள். இவள் மட்டும் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவளைப்போல உட்கார்ந்திருந்தாள். லேசாக நாக்கு வறண்டது. ஒரு காப்பி குடித்தால் சரியாகிவிடும் போலிருந்தது.

போதைச் சட்டமும் கொள்கையும் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் இதுதான் முதல் பாடம். போதையைக் காட்ட மாட்டார்கள். அது கிடைக்காத தவிப்பை மட்டும் காட்டுவார்கள். நீலத்தூள் என்ற போதைப்பொருளுக்கு அடிமையான ஒருவர் தூளில்லாமல் துடிக்கும்போது அவர் நரம்பில் ஓடுவதை ஏக்கப்பதிவி என்ற கருவி அப்படியே பிடித்து, சுண்டுவிரல் நகமளவு வில்லையில் ஏற்றிவிடும். அதை ஒட்டிக்கொண்டவர் அந்தத் துடிப்பைத் தானே துடிப்பார். கழற்றினால் போய்விடும். வில்லை ஒட்டிப் பார்க்காத எவரும் போதைச் சட்டத்துக்கு ஓட்டுப் போடக் கூடாது என்று விதி வந்த பிறகுதான், ஒரு சிட்டிகைத் தூளுக்காக ஆளைப் பிடித்து உள்ளே தள்ளும் வழக்கம் ஒழிந்தது. ஒருமுறை துடித்துப் பார்த்தவருக்கு, துடிப்பவனைத் தண்டிக்கக் கை எழவில்லை. நல்ல கண்டுபிடிப்பு. அதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

ஒரே ஒரு தொல்லை. வில்லை ஒட்ட ஒட்ட வீரியம் குறையும். செண்பகவல்லிக்குக் கிடைத்தது பல காது பார்த்த பழசு.

"மேடம், எனக்கு ஒண்ணுமே தெரியல."

"பதிவு மங்கியிருக்கும்மா. திரையில 'புதுப்பி'ன்னு இருக்கும் பாரு, ஒரு தட்டு தட்டிவிடு," என்றார் பேராசிரியர் ஜெசிந்தா.

தட்டினாள். தட்டிவிட்டு இடியாப்பம் தீர்ந்துவிடுமே என்று கேன்டீனுக்கு ஓடினாள்.

புது வில்லை வர ஒன்றரை மாதமானது. அம்மாடி, அது வில்லையா! எலும்புக்குள் எறும்பு புகுந்தது. பெற்ற தாயை விற்றாவது ஒரு சிட்டிகை வாங்கச் சொன்னது. கழற்றிய பிறகும் தேம்பித் தேம்பி அழுதாள். அன்றைக்கே எழுதிய கட்டுரையை ஜெசிந்தா வகுப்பில் வாசித்துக் காட்டினார். இப்படி ஒரு தவிப்பைக் கொடுத்த மனிதரை நேரில் பார்த்து நன்றி சொல்லாவிட்டால் நான் என்ன ஜென்மம் என்று, நெய் பிஸ்கட் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு மறுவாழ்வு இல்லத்துக்குப் போனாள்.

வில்லையின் கொடையாளர் இசக்கிமுத்து. முன்பு லாரி ஓட்டியவர், முப்பது வயதிருக்கும். கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். விரல்கள் நடுங்கின.

"காலேஜ்லேருந்தா வாரீய?"

"ஆமாண்ணே. உங்க வில்லைய ஒட்டிப் பாத்தேன். அதான் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு..."

"பதிவு நல்லா விழுந்திருந்துச்சா? பழசு மங்கிட்டுன்னாவ. அதான் புதுசா எடுத்தாவ."

"எப்படிண்ணே எடுப்பாங்க?" சிரித்த முகமாகவே கேட்டாள்.

"எப்படி எடுப்பாவ? நான்தான் ரெண்டு வருசமா தூள தொடலையே. தொடாதவனுக்கு ஏக்கம் எங்கேருந்து வரும்? திரும்பக் குடுத்தாவ. உடம்பு பழகுன பொறவு நிப்பாட்டுனாவ. துடிக்கையில எடுத்துக்கிட்டாவ."

பொட்டலம் கையிலிருந்து நழுவியது. அவள் குனியவில்லை.

"நீங்க ஏண்ணே சரின்னீங்க?"

"எம் பதிவப் பாத்துத்தான் ஜெயில்ல கெடந்த எங்க ஆளுகள வெளிய விட்டாவளாம். மாட்டேன்னு எப்படிச் சொல்ல? ஆடியில வீட்டுக்குப் போயிருக்கணும். எம் பொண்டாட்டி வண்டியெல்லாம் பேசி வச்சிருந்தா. இப்பம் மொதல்லேருந்து தொடங்கணும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "யாரோ ஒரு பிள்ளை புரியலைன்னு சொல்லிச்சாம்லா. அந்தப் பிள்ளைக்கு இப்பம் புரிஞ்சுட்டா?"

நான்தான் அந்தப் பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை. "புரிஞ்சிட்டுண்ணே," என்றாள்.

"அப்பம் சரி."

அந்த 'அப்பம் சரி' அவளைக் கொன்றது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சாப்பாடு இறங்கவில்லை. இடியாப்பத்துக்காக ஓடினேனே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

ஜெசிந்தாவிடம் போய்ச் சண்டை போட்டாள். "இதொண்ணும் ரகசியம் இல்ல செண்பா. கேட்டா சொல்லுவோம். இதுவரை யாரும் கேக்கல," என்றார் அவர். அவர் குரலும் சரியாக இல்லை.

விஷயம் பாடத்திட்டக் குழுவுக்குப் போனது. செண்பகவல்லி ஒன்றையும் மறைக்காமல் கொட்டினாள். குழுவில் எல்லாரும் வில்லை ஒட்டித் துடித்தவர்கள், கண் கலங்கினார்கள். ஆனால் புதுப்பிப்பதை அடியோடு நிறுத்த மட்டும் மனம் வரவில்லை. வில்லை இல்லாமல்போனால் பழைய ஜெயில் சட்டம் திரும்பிவிடுமே! கடைசியில் தலைவர் ஒரு வழி சொன்னார். "கண்ண மூடிட்டுத் தட்டுறாங்க, அதானே பிரச்சினை? நீங்க இப்ப படுறீங்களே இந்தக் குற்ற உணர்ச்சி, இதையே பதிவு பண்ணிடுவோம். தட்டுறதுக்கு முன்னாடி எல்லாரும் இதை ஒட்டிப் பாக்கட்டும்."

ஒருத்தனும் தட்ட மாட்டான் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. சம்மதித்தாள். அப்படியேதான் நடந்தது. அவளுடைய வில்லையை ஒட்டிய மாணவர்கள் புதுப்பிக்கிற பக்கமே போகவில்லை. மங்கின ஏக்கமே போதும் என்றார்கள். இசக்கிமுத்து தேறி வீடு போய்ச் சேர்ந்தார். செண்பகவல்லிக்கும் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது.

மறு வருடம் ஜெசிந்தா கூப்பிட்டு அனுப்பினார். அவளுடைய வில்லை மங்கிவிட்டது. இந்த ஆண்டுப் பிள்ளைகள் ஒட்டிப் பார்த்துத் தோளைக் குலுக்குகிறார்களாம்.

பதிவிக் கருவியை நெற்றியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடி எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தாள். முள் அசையவில்லை.

"ஒண்ணுமே விழலையே மேடம்," என்றான் கருவி இயக்குபவன். "இசக்கிமுத்துதான் நல்லாயிட்டாரே. இவங்களுக்குக் குற்ற உணர்ச்சி எங்கேருந்து வரும்?"

ஜெசிந்தா, இசக்கிமுத்து வில்லையின் 'புதுப்பி' திரையை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினார். முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஒரு தடவ தட்டு செண்பா. அப்பதான் வரும். நீ தட்டலன்னா இந்த வருசம் வகுப்பே தட்டும். இசக்கிமுத்துகிட்டயும் கேட்டாச்சு. செண்பகவல்லிக்குத் தேவைப்படுதுன்னு சொன்னோம். ஒடனே சரின்னுட்டார்."

மாட்டேன் என்று அந்த நொடியே சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. ஒருத்தர் துடித்தால் பத்துப் பேர் தப்பிப்பார்களே என்று நினைத்தாள். அவர்தான் சரி என்றுவிட்டாரே என்றும் நினைத்தாள். விரல் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"மேடம், விழுது! நல்லா விழுது!" என்று கத்தினான் அவன். "அப்படியே இருங்கக்கா, கைய எடுத்துடாதீங்க!"

வில்லை நிறையும் மட்டும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் வழிந்தபடி இருந்தது. நிறைந்ததும் தட்டாமல் விரலை எடுத்துக்கொண்டாள். இசக்கிமுத்து இந்த வருடம் தப்பித்தார். அடுத்த வருடம், தட்டலாமா என்று நினைப்பது மட்டும் முள்ளை அசைக்கப் போதாது.